காணாத உறவைத் தேடும்போது



ஊர் திரும்புகிறோம். ஆனாலும் ஒருவரைக் காணாமலே திரும்பும் குடும்பங்களும் உங்களிடையே இருக்கின்றன. அவர்களுக்காக, வேறொரு மக்கள் தம் உறவுகளைத் தேடிய விதத்தைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகள் ஏறக்குறைய 60 இலட்சம் யூதர்களைக் கொன்றார்கள். 1945இல் போர் முடிந்தபோது, உயிர் தப்பியவர்கள் பல நாடுகளில் சிதறியிருந்தார்கள். முகாம்களில் தப்பியவர்களின் பெயர்ப் பட்டியல்கள் ஒட்டப்பட்டன. வானொலியில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. 1946 முதல் ஜேர்மனியின் அரோல்சன் நகரில் ஒரு தேடுதல் நிலையம் இயங்கியது. அங்கே போரில் அகப்பட்ட பல இன மக்களுள் 1 கோடியே 75 இலட்சம் பேரைப் பற்றி சுமார் 5 கோடி அட்டைகள் சேர்ந்தன.

அங்கே பெயர் ஒரு பெரிய சிக்கலாக இருந்தது. ஒரே ஆளின் பெயரைப் போலந்து மொழியில் ஒருவிதமாகவும் ஜேர்மன் மொழியில் வேறுவிதமாகவும் எழுதியிருந்தார்கள். ஆகவே உச்சரிப்பு ஒத்த பெயர்களை ஒன்றாக அடுக்கினார்கள். எங்களுக்கும் இது புதிதல்ல. வீட்டுப் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. படிவம் நிரப்பும்போது எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். தாய் தந்தையர் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடம், திகதி, கூட இருந்தவர்கள் ஆகியவற்றையும் சேருங்கள்.

இன்னொன்று. தப்பிய யூதர்கள் பலர் ஊருக்குப் போய், வீட்டில் எவருமில்லாததைக் கண்டு வேறு நாடு சென்றார்கள். பழைய முகவரிக்கு வரும் கடிதம் அவர்களை எப்படிச் சேரும்? தேடுபவரையும் யாரோ தேடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் நலன்புரி நிலைய முகவரியைக் கொடுத்திருந்தால், குடியேறியதும் புதிய முகவரியைச் செஞ்சிலுவைச் சங்கக் கிளைக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். செஞ்சிலுவையின் தேடுதல் சேவைக்குக் கட்டணம் இல்லை. ஆளைக் கண்டுபிடித்துத் தருவதாகப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

தேடினால் கட்டாயம் கிடைப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யூதக் குடும்பங்களில் சிலர் பல பத்தாண்டுகளின் பின் உடன்பிறப்பைக் கண்டார்கள். வேறு சிலருக்கு இறந்த இடமும் நாளும் மட்டுமே தெரியவந்தன. பலருக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அந்த அட்டைகளை எவரும் எறிந்துவிடவில்லை. பேரப்பிள்ளைகளும் அங்கே எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே விபரங்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.