வாள் பிடுங்கியது பாதி, காகிதம் பிடுங்கியது மீதி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலாந்துக்குப் பக்கத்திலே இருக்கிற தீவு அயர்லாந்து. உழுது, மாடு மேய்த்துப் பிழைத்த சனங்கள். அவங்க மண்ணை இழந்த கதையை நாம தெரிஞ்சுக்கணும். ஏன்னா, அது சண்டையில் மட்டும் போகலை. காகிதத்திலும் போச்சு.

அவங்க பழைய வழக்கப்படி நிலம் தலைவனுக்குச் சொந்தமில்லை, குலத்துக்குச் சொந்தம். தலைவனையும் பங்காளிகள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1541ல் இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி அயர்லாந்துக்கும் ராஜா ஆனான். நிலத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, என் முத்திரையோடு திரும்ப வாங்கிக்கொள், பிரபு பட்டமும் தருகிறேன் என்று தலைவர்களுக்கு ஆசை காட்டினான். பலர் வாங்கிக்கொண்டார்கள். நிலம் அங்கேயேதான் இருந்தது. ஆனா குலத்தின் சொத்து ஒருத்தர் பேர்ல ஏறிடுச்சு. கொடுத்தவன் ராஜா என்றும் ஆகிவிட்டது. கொடுத்தவன் திருப்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்பது வருஷம் போரிட்ட ஹியூ ஓநீல் 1603ல் பணிந்தார். 1607ல் அவரும் மற்ற தலைவர்களும் கப்பலேறிப் போய்விட்டார்கள். போனவன் துரோகி, அவன் நிலம் ராஜாவுக்கு என்று தீர்த்தார்கள். அல்ஸ்டர் பகுதியில் ஆறு மாவட்டம் பறிமுதல்! கப்பலேறியது சில குடும்பம். நிலம் போனது ஊரில் இருந்த பங்காளிகளுக்கும். 1609ல் திட்டம் போட்டு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள்.

1641ல் சனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1649ல் கிராம்வெல் படையோடு வந்து நசுக்கினான். பின்னாலேயே சர்வே வந்தது. 1655-56ல் வில்லியம் பெட்டி என்பவர் தலைமையில் நாட்டை அளந்தார்கள். பறித்த நிலம், சம்பள பாக்கிக்குப் பதிலாகச் சிப்பாய்களுக்கும், படைச் செலவுக்குப் பணம் போட்ட லண்டன் முதலாளிகளுக்கும் போனது. அளந்த பெட்டிக்கும் கெர்ரி பகுதியில் பெரும் பண்ணை சேர்ந்தது!

கணக்கைப் பாருங்க. அயர்லாந்து மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1641ல் நூற்றுக்கு சுமார் 60 பங்கு நிலம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703ல் வெறும் 14.

நிலம் போன பின்னாலே மிச்சமும் போச்சு. கத்தோலிக்கர் நிலம் வாங்கக் கூடாது, 31 வருஷத்துக்கு மேல் குத்தகை எடுக்கக் கூடாது என்று 1704ல் சட்டம். அதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. 1728ல் ஓட்டும் போச்சு. சொந்த மண்ணிலே கேள்வி கேட்க நாதியில்லாமல் போனார்கள்.

மீண்டது எப்படி? 1879ல் குத்தகை விவசாயிகள் நிலச் சங்கம் கட்டினார்கள். 1880ல் பாய்காட் என்ற பண்ணை ஏஜெண்டுக்கு அறுவடை செய்ய ஊரில் ஒருத்தரும் போகவில்லை. கடைக்காரரும் சாமான் தரவில்லை. பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் அவன் பேரே நிலைத்துவிட்டது! 1903ல் குத்தகைதாரர் நிலத்தை விலைக்கு வாங்க அரசே கடன் கொடுக்கும் பெரிய சட்டம் வந்தது.

போனது சில கையெழுத்தில். மீட்க முந்நூறு வருஷம். அதனால, விவசாயிகளே, காகிதம் நீட்டினால் படித்துப் பாருங்கள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர் கூடிப் பேசுங்கள்!