கூண்டருகே நிற்பவரின் படிப்பு

விலங்குகள் மேல் பிரியமும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் உயிரியல் பூங்காவில் பராமரிப்பாளர் ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேண்டும்தான், ஆனால் போதாது. காட்டு விலங்கு தன் நோயை லேசில் வெளிக்காட்டாது. பலவீனம் தெரிந்தால் எதிரிக்கு இரையாக நேரும். மிச்சம் வைத்த இறைச்சி, கழிவின் நிறம், சற்றே மாறிய நடை, இவற்றில்தான் முதல் அறிகுறி இருக்கும். மருத்துவர் வருவதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ள வேண்டியவர் பராமரிப்பாளர். தொற்றைப் பற்றிய அறிவும் அவருக்கு வேண்டும். 2021 ஜூன் மாதம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்கே கொரோனா வந்ததே!

மூத்தவர் ஒருவரோடு இருந்து பழகினால் இதெல்லாம் தானாக வராதா என்று கேட்கலாம். பெரும்பகுதி வரும். அந்த அனுபவத்துக்கு ஈடில்லை, வகுப்பறை மட்டும் யாரையும் பராமரிப்பாளர் ஆக்காது. ஆனால் மூத்தவரின் தவறான பழக்கமும் அப்படியே இறங்கிவரும். புதிய முறைகள் வந்து சேராது. இன்று பல நாடுகளில், ஒவ்வொரு சரியான அசைவுக்கும் ஒரு துண்டு இறைச்சி கொடுத்தே, புலியைக் கம்பியோரம் படுத்து வாலை நீட்டப் பழக்கிவிடுகிறார்கள். மயக்க ஊசி இல்லாமல் அந்த வாலிலிருந்து ரத்தம் எடுத்துவிடுகிறார்கள். இது பார்த்துப் பழகியதால் மட்டும் வருவதில்லை, முறையாகக் கற்பது. இயற்கையியலாளர் ஜெரால்டு டரல் 1959-இல் ஜெர்சித் தீவில் தொடங்கிய விலங்குக் காட்சியகம், பல நாட்டவருக்கு வேலையோடு சேர்த்தே பாடமும் கற்பித்தது. நம் பூங்காக்களும் பராமரிப்பாளர்களுக்குச் சம்பளத்துடன் பயிற்சி நாட்களை ஒதுக்க வேண்டும்.