தொட்டுப் பார்த்து வாங்குவோம்

(கல்லூரி விடுதி மாணவிகளும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர் சிரித்தார். "கவிதை எழுதுறீங்க, பேங்க்ல வேலை பார்க்குறீங்க, பேச எவ்வளவோ இருக்கு. மூஞ்சில பூசுற கிரீமைப் பத்தியா பேசப் போறீங்க?" என்றார். ஆமாம் தோழர், அதைத்தான். இந்த விடுதியில் எந்த அறைக் கதவைத் திறந்தாலும் ஜன்னல் திண்டில் நாலு டப்பா இருக்கு. காசு நம்முடையது. பூசிக்கொள்கிற உடம்பும் நம்முடையது. பேசுகிற வேலையை மட்டும் ஏன் விளம்பரக்காரனிடம் விட்டுவிட வேண்டும்?

முதலில் எங்க ஆயா கதை. பண்ருட்டிப் பக்கம் எங்க ஊர். ஆயா வயசுக் காலத்தில் மளிகைக் கடைக்குப் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். காசைத் திண்ணை ஓரத்தில் வைக்க வேண்டும். கடைக்காரர் பொட்டலத்தை மேலேயிருந்து போடுவார், இவங்க முந்தானையில் ஏந்திக்கணும். மஞ்சளைக் கிள்ளி மோந்து பார்க்க முடியாது. சீயக்காய்த் தூளை உள்ளங்கையில் கொட்டி மண் கலந்திருக்கா என்று பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் தெரியும். திருப்பிக் கொண்டுபோனால், "நீ தொட்டதை நான் எப்படித் திரும்ப வாங்குறது?" என்பார். தொட்டுப் பார்த்து வாங்குவது, பிடிக்கலன்னா வேணாம்னு வைத்துவிட்டு வருவது, இதெல்லாம் வெறும் கடைப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். அது ஓர் உரிமை. எங்க ஆயாவுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது.

அடுத்தது எங்க மாவட்டத்துச் சங்கதி. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கிற வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது கடலூர் சின்னி கிருஷ்ணன் பெயரைச் சொல்வார்கள். வெல்வெட் ஷாம்பூ அந்தக் குடும்பத்தாருடையது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்பூவைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய் ஒரு பையனை எல்லார் முன்னாலும் உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பூ போட்டுக் காட்டினார்கள். கூடியிருந்த ஜனங்களை அந்த முடியைத் தொட்டுப் பார்க்கவும் மோந்து பார்க்கவும் சொன்னார்கள். காலிப் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்றார்கள். பிற்பாடு 50 காசுக்கே பாக்கெட் வந்தது.

வியாபாரத் தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதில் இன்னொன்று இருக்கிறது. வசதியுள்ள வீட்டுக்கு அந்தப் பாக்கெட் ஒரு சாம்பிள். நன்றாக இருந்தால் பாட்டில் வாங்குவார்கள். எங்க வீட்டுக்கு அந்தப் பாக்கெட்டுதான் முழு அளவு. பாட்டில் வாங்குற காசு ஒரே நாளில் கையில் இருந்ததே இல்லை. பாக்கெட் கையில் இருந்தும், அதை வைத்து எதைச் சோதிக்கணும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வந்ததை வாங்கினோம், தேய்த்தோம்.

வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கினபோது, கூட வேலை பார்க்கிற அக்காவோடு சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடி மேசை, பளீர்னு விளக்கு, வரிசையாக டெஸ்டர் பாட்டில். யார் வேண்டுமானாலும் தொடலாம். எனக்கு உடனே ஆயா ஞாபகம்தான் வந்தது. ஆனால் கை நீளவில்லை. அங்கே நின்ற பெண்ணே என் புறங்கையில் ஒரு பவுண்டேஷனைத் தடவினாள். "இது போட்டா ரெண்டு ஷேடு தூக்கிக் காட்டும் மேடம்" என்றாள். இன்னும் கறுப்பா ஒண்ணு காட்டுங்க என்று கேட்டேன். "அந்த ஷேடு எங்களுக்கு வர்றதில்ல மேடம்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளும் என் நிறம்தான், நாளெல்லாம் நின்றபடி விற்கிறாள். வேணாம்னு சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு 600 ரூபாய் கொடுத்து முழு பாட்டிலை வாங்கி வந்தேன். வெயிலில் வந்து கண்ணாடி பார்த்தால், முகம் ஒரு ஊர், கழுத்து ஒரு ஊர்.

அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் தோல்தான் சரியில்லை என்று. இதுதான் நான் இன்றைக்கு இங்கே வந்து நிற்கக் காரணம். சோதனைக்கு வைக்கப்பட்டது அந்தப் பாட்டில். தோற்றது அந்தப் பாட்டில். ஆனால் தோற்றுப் போனது நான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று ஒரு கிரீம் இந்தியாவில் வந்தது. கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று விளம்பரத்தில் சொல்லிச் சொல்லியே விற்றது. 2020இல்தான் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து 'க்ளோ' என்று மாற்றினார்கள். இன்னொரு பக்கம், 2017இல் பாடகி ரியானா 'ஃபென்ட்டி பியூட்டி' தொடங்கியபோது ஒரே நாளில் 40 ஷேடு பவுண்டேஷன் கொண்டுவந்தார். கறுப்புத் தோலுக்கு ஏற்ற ஷேடு தயாரிக்க முடியாமல் இல்லை, தயாரிக்க மனசு இல்லாமல் இருந்தது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்துபோனது.

பேங்கில் நாங்கள் யாரையும் முகத்தைப் பார்த்து நம்புவதில்லை. செக் வந்தால் ஸ்பெசிமன் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். நோட்டு வந்தால் தடவிப் பார்ப்போம், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். கொடுத்தவர் கோட்டு போட்டிருந்தாலும் அதேதான். அந்த வேலையைத்தான் கிரீம் விஷயத்திலும் செய்யச் சொல்கிறேன். நம் தோல்தான் ஸ்பெசிமன். வருகிற சரக்கு அதோடு ஒத்துப்போகணும்.

எப்படிப் பார்ப்பது? சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நிறம். பவுண்டேஷனைப் புறங்கையில் பார்க்காதீர்கள். கை நிறம் வேறு, முகம் வேறு. தாடை ஓரத்தில், கழுத்தை ஒட்டிக் கோடு போடுங்கள். கடை விளக்கு பொய் சொல்லும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்ததும் வாங்கிவிட வேண்டாம். கால் மணி, அரை மணி நேரம் விடுங்கள், சிலது காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். வெயிலுக்குப் பூசுகிற சன்ஸ்கிரீனும் அப்படித்தான். துத்தநாகம், டைட்டானியம் கலந்தது நம் நிறத்தில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். சின்ன டியூபில் பார்த்துவிட்டால் பெரிய டியூப் காசு மிச்சம்.

இரண்டாவது, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. முழங்கை மடிப்பிலோ கையின் உட்பக்கத்திலோ ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் தடவுங்கள். ஏழு முதல் பத்து நாள் வரை. அரிப்பு, சிவப்பு, கொப்புளம் வந்தால் கழுவிவிட்டு அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். மூணையும் சேர்த்துப் பூசினால் எது கடித்தது என்று எப்படித் தெரியும்? தலைமுடிச் சாயம் இன்னும் ஆபத்து. அதில் பிபிடி என்று ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்னாலேயே காதுக்குப் பின்னால் தொட்டு வைத்துப் பார்க்கணும். போன தடவை ஒண்ணும் ஆகல என்பது சாட்சி ஆகாது.

மூன்றாவது, கடை டெஸ்டர். பத்துப் பேர் தொட்ட லிப்ஸ்டிக்கை நேரே உதட்டில் வைக்காதீர்கள், விரல் நுனியில் பூசி நிறம் பார்த்தால் போதும். கண் மை டெஸ்டர் கண்ணுக்குள் போகவே கூடாது. மெட்ராஸ் ஐ காசு கொடுக்காமலே வரும்.

நான்காவது, கணக்கு. என் தொழில் அதுதானே. விலையை மில்லியால் வகுத்துப் பாருங்கள். ஷாம்பூவில் பாக்கெட் சில நேரம் பாட்டிலைவிட மலிவாக இருக்கும். கிரீம், சீரம் வகையில் குட்டி டப்பாதான் பெரும்பாலும் விலை கூடுதல். பரவாயில்லை. ஒத்துக்கொள்ளாத பெரிய டப்பாவை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது நஷ்டம் குறைவு.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும். சாம்பிள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

எங்க சின்னம்மா பொண்ணு, பேர் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்த நேரம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே ஒரு சின்ன டியூப் கொடுத்தார்கள். அவளும் நான் சொன்ன மாதிரியே கையில் தடவிப் பார்த்தாள், ஒண்ணும் ஆகல. முகத்தில் போட்டாள். பத்தே நாளில் வெளுத்தது, பரு அடங்கியது. வீடே சந்தோஷப்பட்டது. நானும்தான். ஆறு மாதம் கழித்து ராத்திரி போன் வந்தது. "அக்கா, வெயில்ல நிக்க முடியல, மூஞ்சி எரியுது." கன்னத்தில் தோல் மெலிந்து நரம்பு சிவப்பாகத் தெரிந்தது. தாடையில் முடி. அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டினோம். டாக்டர் டியூபைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். மோமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் மூன்றும் சேர்ந்த மருந்து. முதலாவது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் போட வேண்டியதை இவள் ஆறு மாதம் ஸ்நோ மாதிரி பூசியிருக்கிறாள். இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியாகப் பெயரே வைக்கிற அளவுக்கு இது பரவிக் கிடக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்த டியூப் சோதனையில் பாஸாகிவிட்டது. மெதுவாகக் கொல்வது சாம்பிளில் தெரியாது. பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீமும் அப்படித்தான். முதலில் வெளுக்கும், பிறகு சிறுநீரகத்தில் கை வைக்கும். கண்ணுக்குப் பூசுவது நீங்கலாக மற்ற பூச்சுகளில் பாதரசம் தவறிக்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் சட்டம். லேபிள் இல்லாத டப்பாவுக்குச் சட்டம் தெரியுமா? நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டைப் பாருங்கள், சிலவற்றின் பசையில் இருந்த ரசாயனம் பட்டு, பொட்டு வைத்த இடமே வெள்ளையாகிப் போன பெண்கள் உண்டு. அதுவும் ஒரு நாளில் நடந்ததில்லை.

அதனால் தொடுவதற்கு முன்னால் படிக்கணும். தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், லைசென்ஸ் எண், காலாவதித் தேதி. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண். பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றி, பேர் இல்லாமல் சாம்பிள் என்று கொடுத்தால் தொடாதீர்கள். பத்து நாளில் வெளுப்பேன் என்று சொல்கிற எதுவும் சந்தேகத்துக்குரியது. ஏற்கெனவே அப்படி ஏதாவது பூசிக்கொண்டிருந்தால், பயந்து நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் டியூபோடு டாக்டரிடம் போங்கள். திடீர்னு விட்டால் எரிச்சல் கூடும். வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் அதை நமக்கு விற்றவர்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஆயாவுக்குப் பித்தவெடிப்புக்கென்று ஒரு கிரீமின் சின்ன டியூப் கொண்டுபோனேன். ஆயா வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. கொஞ்சம் பிதுக்கி மணிக்கட்டில் தடவினாங்க. மோந்தாங்க. விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாங்க. நிதானமாக, யாரும் அவசரப்படுத்தாமல். அப்புறம் மூடியைத் திருகி என் கையில் வைத்து, "வேணாம்டி. பொண வீட்டுப் பூ மாதிரி நாறுது. எனக்கு வெளக்கெண்ணெயே போதும்" என்றாங்க.

எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வரும்போது இந்த நோட்டை வாங்கி வந்திருக்கிறேன். உங்கள் விடுதிக்குத்தான். என்ன பொருள், என்ன விலை, எங்கே தடவினோம், எத்தனை நாள், என்ன ஆச்சு என்று கட்டம் போட்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு சின்ன அளவு வாங்கிப் பார்த்து இதில் எழுதுங்கள். அடுத்து வருகிற பெண்ணுக்கு உதவும். முதல் வரியில் ஆயா சொன்னதை எழுதிவிட்டேன்.