வானொலியும் நம் மஹல்லாவும்

(அவிநாசிபாளையம் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசித்தபோது, ஒலிபெருக்கி பழுதுபார்த்த வகையில் ஆன செலவைக் கேட்டு ஒரு சகோதரர் எழுந்தார். "ஐந்து வேளை பாங்கு சொல்ல இவ்வளவு செலவா?" என்றார். கேள்வி நியாயமானது. பொருளாளர் பில்லைக் காட்டிப் பதில் சொல்லிவிட்டார். ஆயினும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட நமக்கு மனமில்லை. வேறொரு தலைப்பில் பேச எண்ணி வந்தோம். அதை ஒதுக்கிவிட்டு இதைப் பற்றியே பேசுகிறோம்.

இந்த ஒலிபெருக்கியில் பாங்கு மட்டுமா ஒலிக்கிறது? ஜனாஸா அறிவிப்பு ஒலிக்கிறது. காணாமற்போன குழந்தையைத் தேடும் குரல் ஒலிக்கிறது. தடுப்பூசி முகாம், ரேஷன் கடை திறக்கும் நேரம், மின்தடை ஆகியவற்றை நம் மோதினார் இதில் அறிவித்திருக்கிறார். அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்ட ஒரு கன்றுக்காகப் பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் ஐயா நம் வாசலில் வந்து நின்றதும், அஸருக்குப் பின் அறிவிப்புச் செய்ததும், மஃரிபுக்குள் கன்று கிடைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்கு ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலை ஊர் நம்பவேண்டும். இந்த வேலையை ஒரு காலத்தில் நமக்காகச் செய்து வந்தது வானொலி.

நம் சிறு பிராயத்தில் ஷவ்வால் பிறையைத் தேடிய மாலைகளை எண்ணிப் பாருங்கள். மேகம் மூடிய ஆண்டுகளில் மாடியில் நின்று கண் வலித்ததுதான் மிச்சம். பிறகு அனைவரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருப்போம். பிறை தென்பட்டதாகத் தலைமை காஜி அவர்கள் அறிவித்துள்ளார்கள் என்ற ஒரு வாக்கியம் வந்ததும் பெண்கள் அடுப்படிக்கு ஓடுவார்கள். தையற்காரர் வீட்டில் கூட்டம் கூடும். இன்றோ பிறையன்று இரவு நம் கைப்பேசிகளில் ஐந்து பிறைகள் உதிக்கின்றன. எந்தப் பிறை யாருடையது, படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று அறிவதற்குள் ஸஹர் நேரம் வந்துவிடுகிறது. அன்று சொன்னவரை நாம் பார்த்ததில்லை. ஆனால் சொன்னவர் இன்னார் என்பது தெரியும். செய்திகள் வாசிப்பது இன்னார் என்று பெயரைச் சொல்லிவிட்டே வாசிப்பார்கள். சரோஜ் நாராயணசுவாமி அம்மையார் 2022-இல் மறைந்தபோது, அவரது முகமறியாத எத்தனையோ வீடுகளில் சொந்தத்தில் ஒருவர் போனதுபோல் வருந்தினார்கள்.

இன்றைய இளைஞர்களுக்கு இது விளங்க ஒரு செய்தி சொல்லவேண்டும். வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுக்கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்தது. 1980-களில்தான் அது நீங்கியது. பெட்டி வாங்க இயலாதவர்களுக்காகப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நகராட்சிப் பூங்காவிலும் வானொலி வைத்து, குழாய் ஒலிபெருக்கி வழியே ஊருக்கெல்லாம் கேட்கச் செய்தார்கள். வேலை முடிந்து வந்தவர்கள் துண்டை விரித்து அமர்ந்து கேட்டார்கள். கேட்டதைப் பற்றி அங்கேயே தர்க்கமும் செய்தார்கள். ஒரு பொய்யை வீட்டில் தனியே கேட்பவன் நம்பிவிடக்கூடும். பத்துப் பேர் நடுவே கேட்டால் ஒருவராவது மறுத்துப் பேசுவார். (நாம் ஓதிய மதரஸாவில் வானொலிக்கு அனுமதி இல்லை. எதிர்த் தேநீர்க் கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி வைப்பார் என்பதால் அந்தத் தடையினால் நமக்குப் பெரிய நஷ்டம் ஏற்படவில்லை.)

தமிழகத்தில் இதன் வரலாறு நீண்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924-இல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமின்றி அது நின்றபின், 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. தில்லியோ இலண்டனோ அல்ல. குப்பை அள்ளும், விளக்குப் போடும் மாநகராட்சி வானொலி நடத்தியது என்பதைக் கவனியுங்கள். 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்தன. நம் கோவை நிலையம் 1966-இல் வந்தது. அக்காலத்தில் திருச்சி நிலையத்தார் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி விவசாயிகளுக்கு ஓயாமல் எடுத்துரைத்தார்கள். தஞ்சைப் பக்கத்துக் குடியானவர்கள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெல்லுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு குரலை ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள்.

எனினும் அது அரசின் குரல். அரசுக்குச் சொந்தமான குரல் அரசையே எந்த அளவுக்குக் கேள்வி கேட்கும் என்பதை நாம் அறிவோம். மேலும், கோவையிலிருந்து பேசும் குரலுக்குப் பல மாவட்டங்களைப் பார்க்கவேண்டிய கடமை உண்டு. அவிநாசிபாளையத்தின் கிணற்றையும் வாய்க்காலையும் அது எத்தனை நேரம் பேசமுடியும்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதே, அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு அவசியமாகவே இருந்தது. ஆனால் எந்தப் பட்டறை நிற்கும், எது ஓடும், நின்றால் சனிக்கிழமைச் சம்பளம் உண்டா என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல யார் இருந்தார்கள்? தேநீர்க் கடையில் கேட்டதை வைத்துக்கொண்டுதான் நம் மஹல்லாவிலும் சிலர் மூட்டை கட்டினார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்கச் சட்டத்தில் ஒரு வழி பிறந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது பற்றிய வழக்கில் பிறந்த தீர்ப்பு அது! 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தர மத்திய அரசு இசைந்தது. நூறு வாட் சக்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான். நம் ஊரில் வைத்தால் பொங்கலூரைத் தாண்டிச் சற்றுத் தூரம் கேட்கும்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் அருகே மாச்சனூர் என்ற சிற்றூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ இருக்கிறது. 1990-களிலேயே அதற்கு ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன, உரிமம் கிடைக்கவில்லை. அப்பெண்கள் சோர்ந்துவிடவில்லை. தங்கள் பேச்சையும் பாட்டையும் ஒலிநாடாவில் பதிந்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபரில்தான் அந்தக் குரல் காற்றில் ஏறியது. நிலையத்தை நடத்திய இருவருக்கும் நரசம்மா என்றே பெயர். சிறுதானியம், விதை, கால்நடை, மருந்துச்செடி ஆகியவைதாம் அவர்களின் பேச்சு. நம் பக்கத்தில் பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற வானொலி மீனவர்களுக்காக ஒலிக்கிறது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அங்கே சினிமாப் பாட்டைவிட முக்கியம். பேசுபவரின் உறவினர் கடலில் இருக்கிறார். தவறாகச் சொன்னால் மறுநாள் கரையில் அவர் முகத்தில்தான் விழிக்கவேண்டும். நமக்குப் பிடித்தது இதுதான். சொல்பவன் கேட்பவர்களுக்கு நடுவில் குடியிருக்கிறான்.

ஆனால் ஒரு விலங்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி சமுதாய வானொலி செய்தி சொல்லக்கூடாது. பின்னர் அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்ப அனுமதித்தார்கள். குடிநீர், மின்சாரம், வானிலை, தேர்வு, நோய் எச்சரிக்கை ஆகியவற்றைச் சொல்லலாம். ஊரில் நடந்த ஒரு விவகாரத்தைத் தானே விசாரித்துச் செய்தியாகச் சொல்ல முடியாது. பாட்டுப் போடும் தனியார் பண்பலைகளுக்கும் இதே தடைதான். கலவரத்தைத் தூண்டிவிடுவார்கள் என்ற அச்சம் அரசுக்கு இருக்கலாம். அந்த அச்சம் முழுதும் ஆதாரமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் யார் என்று தெரியாதவன் கைப்பேசியில் எதையும் சொல்லலாம், பெயரும் முகவரியும் உரிமமும் உள்ளவன் சொல்லக்கூடாது என்றால் அது எந்த வகை நீதி?

அதன் விலையை நாம் 2023 மார்ச்சில் கண்டோம். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களால் நடந்த சம்பவங்களை வெட்டி ஒட்டியவை அவை. காவல்துறைத் தலைவர் மறுத்தார். மாவட்ட நிர்வாகம் இந்தியில் அறிவிப்புக் கொடுத்தது. உதவி எண்கள் வந்தன. பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. ஆனால் மறுப்பு வருமுன்னரே வதந்தி தொழிலாளர் விடுதிகளுக்குள் போய்விட்டது. ஹோலிக்கு ஊர் போகவேண்டியவர்கள் முன்னதாகவே போனார்கள். போக எண்ணாதவர்களும் போனார்கள்.

மார்ச் 3 வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, நம் பள்ளியில் தொழும் பீகார் இளைஞர்கள் ஆறேழு பேர் வராந்தாவில் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்றதை நாம் பார்த்தோம். முகங்கள் வெளிறியிருந்தன. ஏதோ வீட்டுச் செய்தி என்றெண்ணிக் கடந்து சென்றோம். மறுநாள் காலையில் அவர்களில் நால்வர் திருப்பூர் ரயில் நிலையத்தில் இருந்தார்கள். அங்கே இரண்டு இரவுகள் நடைமேடையில் கிடந்து, கையிலிருந்த பணத்தையெல்லாம் சீட்டுக்கும் சோற்றுக்கும் செலவழித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாரச் சம்பளத்தைக்கூட வாங்கவில்லை. ரமளான் முடிந்து திரும்பி வந்த ஒரு பிளாட்லாக் டைலர் நம்மிடம் உர்தூவில் கேட்டார்: "ஹழ்ரத், அன்று நீங்கள் மிம்பரில் இருந்தீர்கள். எங்கள் மொழி உங்களுக்குத் தெரியும். இது பொய் என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?"

நம்மிடம் பதில் இல்லை. மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் உர்தூ படித்தோம். தமிழில் குத்பா உரை நிகழ்த்தியதோடு நம் கடமை முடிந்தது என்றிருந்தோம். செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் இட்டிருக்கும் கட்டளையைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டுதான் நாம் முழு பயானே செய்திருந்தோம். விசாரிக்கச் சொல்வது எளிது. விசாரிக்க வழியில்லாதவனுக்காக விசாரித்துச் சொல்பவர் ஒருவர் வேண்டாமா?

வானொலி நிலையம் தொடங்குவோம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு உரிமம், கருவி, ஆள், மின்கட்டணம் வேண்டும். நம் ஜமாஅத்தின் சக்தி நமக்குத் தெரியும். தொடங்கினாலும் அது ஒரு மஹல்லாவின் குரலாக இராமல் ஊர் முழுமைக்குமான குரலாக இருந்தால்தான் மதிப்பு. என்றேனும் இப்பகுதியில் அப்படி ஒன்று வந்தால் நம் பிள்ளைகள் அங்கே போய்ப் பேசவேண்டும், பெண்பிள்ளைகளும் பேசவேண்டும் என்பது நம் விருப்பம். அதுவரை நம் கையில் இருப்பது இந்த ஒலிபெருக்கியும் மிம்பரும்தான்.

ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறோம். வானொலிக்குத் திருகு உண்டு, வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கிக்கு அது இல்லை. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குபவர் காதிலும் அது விழுகிறது. ஆகவே அவசியமானதை மட்டும், பகலில், குறைந்த சத்தத்தில் சொல்லவேண்டும். கல்யாண அழைப்பையும் கடைத் திறப்பு விழாவையும் இதில் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிடும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். சிலருக்கு மனத்தாங்கல் வரும்; வரட்டும்.

அடுத்து, ஜும்ஆ தொழுகைக்குப் பின் பத்து நிமிடம், உள் ஒலிபெருக்கியில் மட்டும், ஊர் அறிவிப்புகளை முதலில் தமிழிலும் பிறகு உர்தூவிலும் நாமே சொல்வோம், இன்ஷா அல்லாஹ். கேட்டதையெல்லாம் சொல்லமாட்டோம். காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் பனியன் கம்பெனிகளிலும் கேட்டு உறுதிசெய்ய இரண்டு இளைஞர்களை நிர்வாகக் குழு நியமிக்கவேண்டும். தவறாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஜும்ஆவில் அதே இடத்தில் நின்று தவறு என்று சொல்வோம்.

அந்தப் பிளாட்லாக் டைலர் இந்தக் கூட்டத்துக்கு வந்து பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நாம் பேசிய தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது தெரியாது. கூட்டம் முடிந்ததும் அவருக்கு உர்தூவில் சொல்லவேண்டும். பொருளாளர் அவர்களே, உள் ஒலிபெருக்கியில் இடப்பக்கப் பெட்டி இன்னும் கரகரக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவையும் அதே இனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.