உழைக்கும் கரத்துக்கும் ஒரு காப்பு
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இல்லறத்தார் ஆற்ற வேண்டிய கடமைகளுள் தானம் தலையாயது. அத்தானத்தை உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நான்காக வகுத்துரைத்தனர் சமணச் சான்றோர். பசித்தவர்க்குச் சோறிடுவதோடு நில்லாமல், நோயுற்றவர்க்கு மருந்தளிப்பதையும் அஞ்சியவர்க்கு அச்சம் நீக்குவதையும் அறமாக வைத்த நெறி இது. பிறர்க்கு மருந்தும் அபயமும் அளிக்கக் கடமைப்பட்ட இல்லறத்தார், தம்மை நம்பியிருக்கும் பெற்றோர்க்கும் மனைவி மக்களுக்கும் அவ்விரண்டையும் உறுதி செய்து வைத்திருக்கிறாரா? இவ்வுரை எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோர்க்குப் பொருள் எளிதில் விளங்கும். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நெல்லும் வேர்க்கடலையும் விளையும் மூன்று ஏக்கர் நிலம். அங்கே முதிய பெற்றோர். மகனுக்குச் சென்னையில் தனியார் நிறுவனத்தில் பணி, வயது 42, மாத ஊதியம் 60,000 ரூபாய். மனைவியும் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் உள்ளனர். வீட்டுக் கடனுக்கு மாதந்தோறும் 22,000 ரூபாய் தவணை. அவருக்கு ஆயுள் காப்பீடு உண்டு. அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடும் ஐந்து லட்சத்துக்கு உண்டு. எல்லாம் செய்து வைத்திருப்பதாகவே குடும்பம் நினைத்திருக்கிறது.

ஒரு நாள் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து அவருக்கு முதுகெலும்பில் அடிபடுகிறது. மருத்துவமனைச் செலவு நான்கரை லட்சம். அதைக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. உறவினர் அனைவரும் நிம்மதி அடைகின்றனர். உண்மையான இன்னல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. பதினெட்டு மாதம் அவரால் பணிக்குச் செல்ல இயலவில்லை. மூன்று மாதம் விடுப்பு ஊதியம் வருகிறது, பின்பு நின்றுவிடுகிறது. பணி போனதும் அலுவலகம் தந்த குழுக் காப்பீடும் உடன் போகிறது. ஆயுள் காப்பீடு அவர் உயிரோடிருப்பதால் ஒன்றும் தருவதில்லை. மருத்துவக் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது. அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கடன் தவணைக்கும் அது பொறுப்பேற்பதில்லை. இறுதியில் பாட்டனார் காலத்து நிலம் விற்பனைக்கு வருகிறது.

இக்குடும்பம் இழந்தவை இரண்டு. ஒன்று, சிகிச்சைக்கான பெருஞ்செலவு. மற்றொன்று, உழைக்கும் கரத்தின் வருமானம். முன்னதற்குக் காப்பு இருந்தது. பின்னதற்கு இல்லை. முடங்கியவர்க்கும் உணவு வேண்டும், மருந்து வேண்டும், உடனிருந்து பேண ஒருவர் வேண்டும். வரவு நிற்கும் அதே வேளையில் செலவு கூடுகிறது. எனவே இல்லறத்தார் காப்பீட்டை எண்ணும்போது இவ்விரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

முதலில் மருத்துவக் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அதன்வழி உதவி கிடைக்கும். ஊர்களில் வாழும் எளிய குடும்பங்கள் இந்த அட்டையைப் பெற்றுவிட்டனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வருமானம் அதற்கு மேற்பட்டோர் தம் சொந்தப் பெயரில் ஒரு பாலிசி வைத்திருத்தல் நலம். அலுவலகக் காப்பீடு வேலையோடு வந்து வேலையோடு போவது. சொந்தப் பாலிசி புதுப்பிக்கும் வரை உடன் இருப்பது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்துக்கு இருந்த 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது.

பாலிசி எடுப்போர் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையையும் பிரீமியத்தையும் மட்டுமே பார்க்கின்றனர். அறை வாடகை வரம்பைப் பார்ப்போர் சிலரே. மூன்று லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என வரம்பு இருப்பதாகக் கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால், குறைவது வாடகை மட்டுமன்று. இத்தகைய பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவையும் அதே விகிதத்தில் பாதியாகக் குறைக்கப்படும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் பரிசோதனைகளுக்கும் இக்குறைப்பு பொருந்தாது. ஆயினும், வசதியான அறை ஒன்றைக் கேட்டதனால் பெருந்தொகையைக் கையிலிருந்து கட்ட நேரிடும். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாலிசியின் வரம்பை அறிந்திருந்தால் இது நேராது.

காத்திருப்புக் காலமும் கவனிக்கத்தக்கது. பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்து நீங்கலாக மற்ற நோய்களுக்கு வழக்கமாகக் காப்பு இல்லை. முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதி. ஆகவே நோய் வந்த பின்னர்ப் பாலிசி தேடுவது, வெள்ளம் வந்த பின்னர் ஏரிக்கரையை உயர்த்துவது போன்றது.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் உடல் முடக்கக் காப்பீடு. எளிய நிலையில் இருப்போர்க்கும் எட்டக்கூடியது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரையிலானோர் தம் வங்கிக் கணக்கின் வழியே இதில் சேரலாம். ஆண்டுக்குப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இரண்டு லட்சமும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சமும் கிடைக்கும். காப்புக் காலம் ஜூன் முதல் நாள் தொடங்கி மே 31 இல் முடியும். மே மாத இறுதியில் கணக்கில் இருபது ரூபாய் இல்லாமற்போனதால் காப்பு அறுந்துவிடாதபடி வீட்டிலுள்ள இளைஞர்கள் பெரியவர்களின் கணக்கைப் பார்த்து வைக்க வேண்டும்.

இரண்டு லட்சம் ஒரு குடும்பத்தை நெடுநாள் தாங்காது. ஆதலால் தனிநபர் விபத்துக் காப்பீடு தேவை. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வடிவில் வழங்கும் சரல் சுரக்ஷா பீமா என்னும் பாலிசி 2021 ஏப்ரல் முதல் உள்ளது. இரண்டரை லட்சம் முதல் ஒரு கோடி வரை காப்பீட்டுத் தொகையைத் தேர்ந்துகொள்ளலாம். இதில் தற்காலிக முழு முடக்கத்துக்கான காப்பைக் கூடுதலாகக் கேட்டுப் பெற வேண்டும். கேளாமல் அது வாராது. அவ்வாறு பெற்றிருந்தால், பணிக்குச் செல்ல இயலாத காலத்தில் பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாரந்தோறும் காப்பீட்டுத் தொகையில் 0.2 விழுக்காடு கிடைக்கும். இருபது லட்சம் ரூபாய் பாலிசிக்கு அது வாரத்துக்கு 4,000 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 17,000 ரூபாய். மேலே கூறிய குடும்பத்துக்கு இத்தொகை கிடைத்திருந்தால் வீட்டுக் கடன் தவணையின் பெரும்பகுதி அடைந்திருக்கும். நிலத்தை விற்கும் நெருக்கடி தணிந்திருக்கும்.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர், அலுவலர் பலர்க்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. பொருந்தும். இதன் சிறப்பு மருத்துவத்தோடு நில்லாமை. நோயுற்ற காலத்தில் ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரையிலும், பணியின்போது நேர்ந்த காயத்தால் தற்காலிகமாக முடங்கினால் 90 விழுக்காடு முடக்கம் நீங்கும் வரையிலும் கிடைக்கும். இந்த உரிமையை அறியாமலே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. தம்மிடம் பணிபுரிவோர்க்கு இத்திட்டம் பொருந்துமாயின் அவர்களை முறையாகப் பதிவு செய்வது முதலாளியின் கடமை; அதுவும் ஓர் அபயதானமே.

இங்கே ஒரு நுட்பத்தைத் தெளிவாக உணர வேண்டும். விபத்துக் காப்பீடு விபத்துக்கு மட்டுமே உரியது. பக்கவாதத்தால் கைகால் முடங்கினால் அது ஒன்றும் தராது. நோயால் வரும் முடக்கத்துக்கு வருமானம் தரும் தனிநபர் பாலிசிகள் இந்நாட்டில் அரிது. அவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது தீவிர நோய்க் காப்பீடு. பக்கவாதம், குறிப்பிட்ட நிலையிலுள்ள புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு போன்றவை உறுதிசெய்யப்பட்டால், மருத்துவமனைக் கட்டணம் எவ்வளவாயினும், குறித்த தொகை மொத்தமாகக் கைக்கு வரும். பக்கவாதத்தின் பாதிப்பு மூன்று மாதமேனும் நீடித்து நிலைத்ததாக மருத்துவச் சான்று வேண்டும் என்பது போன்ற வரையறைகள் உண்டு. மூன்று மாதத்தைக் கடக்க, குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்குரிய சேமிப்பு வங்கியில் தனியே இருத்தல் நன்று. காப்பீடும் சேமிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல; ஒன்றுக்கொன்று துணை.

இனி, அறத்தோடு நேரே தொடர்புடைய செய்தி. காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவத்தில் நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததா எனக் கேள்விகள் இருக்கும். பிரீமியம் கூடிவிடுமோ என்றஞ்சி இல்லை என்று எழுதுவோர் உளர். முகவரே அவ்வாறு எழுதச் சொல்வதும் உண்டு. வாய்மை அணுவிரதம் ஐந்தனுள் ஒன்று. கையொப்பமிட்ட தாளில் எழுதிய பொய்யும் பொய்யே. அதன் பயன் இம்மையிலேயே வந்து சேரும்: சிகிச்சைக்கு விண்ணப்பிக்கும் நாளில் பழைய மருந்துச் சீட்டொன்று வெளிப்பட்டு, இழப்பீடு மறுக்கப்படும். இடைவிடாது 60 மாதம் பாலிசி நடந்த பின்னர், விட்டுப்போன தகவலைக் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் மெய்ப்பிக்கப்பட்ட மோசடிக்கு அவ்விதி துணை நில்லாது. உள்ளதை உள்ளவாறு எழுதியவர், காத்திருப்புக் காலம் கழிந்தபின் அச்சமின்றி இருக்கலாம்.

உண்மை கூறியும் இழப்பீடு மறுக்கப்பட்டால் அடங்கிப்போக வேண்டுவதில்லை. முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாளில் விடை வராவிட்டாலோ வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அதற்கு அலுவலகம் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

துன்பம் வினைப்பயன் எனில் காப்பீடு எதற்கு என்று சிலர் வினவுவர். நோய் அசாதா வேதநீயத்தின் பயன் என்று அறிந்த முன்னோர்தாமே மருந்தைத் தானமாக வகுத்தனர். உடலுற்ற நோவைப் பொறுத்துக்கொள்வது நுகர்வோரின் நோன்பு. அவர்தம் பிள்ளைகள் பசியாதிருக்க வழி செய்து வைப்பது இல்லறத்தாரின் கடமை. இரண்டும் முரண்படுவன அல்ல. பொருளுக்கு வரம்பு கட்டும் அணுவிரதத்துக்கும் காப்பீடு பகையன்று. அளவின்றிப் பொருள் குவித்தாலன்றி அச்சம் தீராது என்று எண்ணுவோர்க்கு அது மாற்றுவழி காட்டுகிறது. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்த பொருள், அவருள் துன்புற்ற ஒருவர்க்குச் சென்று சேர்கிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்னும் ஜினநெறிக்கு இது அயலானது அன்று. தேவைக்கு மேல் பாலிசிகளை வாங்கிக் குவிப்பதும் வேண்டாம். குடும்பத்தின் ஆண்டுச் செலவையும் கடனையும் கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் எடுத்தால் போதும்.

விழா முடிந்து இல்லம் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். பாலிசிகள் எவை, எண்கள் எவை, புதுப்பிக்கும் நாள் எது, நாமினி யார், அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் எது என்பவற்றை ஒரே தாளில் எழுதி வைக்கலாம். அத்தாள் குடும்பத்தலைவரின் பெட்டியில் பூட்டிக் கிடக்கலாகாது. துணைவியாரும் வளர்ந்த பிள்ளைகளும் அதைப் படித்து அறிந்திருக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரிடம் சாவியைக் கேட்கும் நிலை வரலாகாது. தாளின் இறுதியில் ஒரு கேள்வியையும் எழுதிக்கொள்ளலாம்: நாளை முதல் ஓராண்டுக்கு இக்கரம் உழைக்க இயலாமற்போனால், இவ்வீட்டு உலை எதனால் கொதிக்கும்? அதற்கு விடை கிடைக்கும் வரை அத்தாள் நிறைவுபெற்றதாகாது.

எல்லா உயிர்க்கும் அபயம் அளித்த பெருமானின் பிறந்தநாளில், தம் இல்லத்தாரின் அச்சத்தையும் நீக்க ஒவ்வோர் இல்லறத்தாரும் உறுதி கொள்வாராக. அருகனறம் ஓங்குக. ஜெய ஜினேந்திரா.