முறிந்த போல்ட்



துருப்பிடித்த நட்டு கழலாமல் அடம்பிடிப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சைக்கிளில் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். கார் என்ஜினில் போல்ட் முறிந்துவிட்டால் என்ன செய்வது? இன்று அதுதான் பேச்சு.

மும்பையில் தாராவிப் பக்கம் ஒரு தெருவோரப் பட்டறை. மேஸ்திரி தமிழர். வேலை பழகும் இளைஞனும் தமிழன். ஒரு நாள் மாலை பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று வந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. ஓட்டுபவரே சொந்தக்காரர்.

"வண்டிக்குள்ள புகை வருது மேஸ்திரி. காலையில சவாரி இருக்கு" என்றார்.

ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. புகைக்குழாய் என்ஜின் ஹெட்டில் சேரும் இடத்தில் கேஸ்கெட் எரிந்து போயிருந்தது. அங்கே கசிந்தால் புகை வண்டிக்குள் நுழையும். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

மேஸ்திரி நட்டுகளுக்கு எண்ணெய் விட்டார். "ஊறட்டும் தம்பி, தொடாதே" என்று சொல்லி டீ குடிக்கப் போனார். இளைஞனுக்குப் பொறுக்கவில்லை. ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி இழுத்தான். 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்டட் முறிந்தது. ஸ்டட் என்பது தலை இல்லாத போல்ட். அரிசி நீளத்துக்குத்தான் துண்டு வெளியே தெரிந்தது.

ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடலோர உப்புக் காற்றும் சேர்ந்தால் இரண்டும் கவ்விக்கொள்ளும். அதை முரட்டுப் பலத்தால் பிரிக்க முடியாது. முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அசைக்க வேண்டும். பிறகு கழற்றும் பக்கம் கொஞ்சம். அப்படி மாறி மாறி அசைத்தால் துரு உடையும்.

"மத்தது எல்லாம் இருக்குல்ல? ஒண்ணு போனா என்ன?" என்றார் வண்டிக்காரர்.

"புகை வருதுன்னுதானே வந்தீங்க? அந்த ஓட்டை வழியா திரும்பவும் வரும்" என்றார் மேஸ்திரி.

பிடி குறடு வழுக்கியது. பக்கத்துப் பட்டறை வெல்டர் வந்தார். பேட்டரி வயரைக் கழற்றினார்கள். கார்புரேட்டரை எடுத்துத் தூரமாக வைத்தார்கள். பெட்ரோல் குழாயை அடைத்தார்கள். மணல் வாளி பக்கத்தில் வந்தது. இதில் ஒன்றையும் விடக்கூடாது. பெட்ரோல் ஆவி பற்றினால் பட்டறையே போய்விடும்.

முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்தார். இரும்பில்தான் வெல்டிங் ஒட்டும், அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சிவப்பு மறைந்ததும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. முதல் நட்டு பிய்ந்துவிட்டது. இரண்டாவது நட்டு பிடித்தது. இம்முறை ஸ்பேனர் இளைஞன் கையில். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. துண்டு மெதுவாக வெளியே வந்தது.

துண்டு உள்ளேயே முறிந்திருந்தால்? சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடிக்க வேண்டும். பிறகு சிறிய பிட்டால் துளை போட வேண்டும். கண்ணாடி போடாமல் துளை போடவே கூடாது. இரும்புத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போகும். அந்தத் துளையில் இடது மரை 'ஈசி அவுட்' விட்டுத் திருப்பலாம். அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதைத் துளைக்காது, அவ்வளவு கடினம். ஆகவே அது இறுகினால் நிறுத்திவிட வேண்டும். ஹெட்டின் மரையே போயிருந்தால், துளையைப் பெரிதாக்கிப் புது மரை போட்டு, 'ஹெலிகாயில்' என்ற கம்பிச் சுருளை உள்ளே இறக்குவார்கள்.

இன்னொன்று. ஸ்பேனரில் உள்ள 12, 13 என்ற எண் நட்டின் அகலம். உள்ளே போகும் போல்ட் 8 மில்லிமீட்டர்தான். இதைக் குழப்பிக்கொண்டு தவறான டேப்பை விட்டால் நல்ல மரையும் கெடும்.

புது ஸ்டட், புது கேஸ்கெட் போட்டு முடிக்க நள்ளிரவு ஆனது. என்ஜினை ஓட்டி, இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார்கள். குமிழ் வரவில்லை. வெல்டர் கூலியை வண்டிக்காரரிடம் கேட்கவில்லை. உடைத்தது பட்டறை ஆள் என்று மேஸ்திரியே கொடுத்தார். காலையில் வேன் பிள்ளைகளை ஏற்றப் போனது.