ஸ்டார்ட்டர் ஆலையின் கால்பந்துக் கோஷ்டி



இன்றைய கூட்டத்தில் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தெரிந்ததும் சில தோழர்கள் சிரித்தார்கள். கூலி, பஞ்சப்படி, குத்தகை என்று தலைக்கு மேல் பிரச்னைகள் இருக்கும்போது பந்தா என்று கேட்டார்கள். கேட்டது நியாயமே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மைதானத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம் யார்? ஷிப்டு முடிந்து வந்தவர்களும் களத்து வேலை முடித்து வந்தவர்களும்தானே! ஆகவே, ஓர் ஆலையின் பெயரைத் தாங்கிய கோஷ்டி எப்படிப் பிறந்தது, எப்படிக் கலைந்தது, மறுபடி எப்படி எழுந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

பெலாரஸ் நாட்டின் தலைநகரான மின்ஸ்கிலிருந்து வடகிழக்கே சுமார் 75 கிலோமீட்டரில், பெரெசினா ஆற்றங்கரையில் இருக்கிறது போரிசோவ் என்ற ஊர். 1812 நவம்பரில் நெப்போலியனின் சேனை ரஷ்யாவிலிருந்து தப்பி ஓடியபோது இந்த ஊருக்கு அருகில்தான் ஆற்றைக் கடந்தது. பனியிலும் பீரங்கிக் குண்டிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். பெருநாசம் என்று சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை "பெரெசினா" என்றே சொல்கிறார்கள். பின்னர் ஹிட்லரின் படை வந்தது. 1941 அக்டோபரில் ஊரிலிருந்த யூத மக்கள் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1944 ஜூலை 1-ந் தேதி செஞ்சேனை ஊரை மீட்டது.

அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த தொழில் ஊர் இது. தீப்பெட்டி, கண்ணாடிச் சாமான், பியானோ எல்லாம் இங்கே செய்தார்கள். இவற்றோடு ஒரு பெரிய ஆலை, மோட்டார் வண்டிக்கும் டிராக்டருக்கும் வேண்டிய மின்கருவிகளைச் செய்யும் ஆலை. அதன் நீண்ட ருஷ்யப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் "பாட்டே" என்று வரும்.

அங்கே முக்கியமாகச் செய்வது ஸ்டார்ட்டர். டிராக்டர் ஓட்டுகிற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முற்காலத்தில் எஞ்சினின் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்ப வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஸ்டார்ட்டர் வந்த பிறகு சாவியைத் திருப்பினால் போதும். பாட்டரி மின்சாரத்தில் ஒரு சிறு மோட்டார் சுழன்று எஞ்சினை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த ஆலையின் கோஷ்டியாக 1973-ல் ஆரம்பிக்கப்பட்டதுதான் பாட்டே கால்பந்துக் கோஷ்டி. அடுத்த வருஷமே பெலாரஸ் குடியரசின் சாம்பியன் ஆனது. 1976, 1979 ஆகிய வருஷங்களிலும் அதே வெற்றி. ஆனால் ஒரு விஷயத்தை மிகைப்படுத்திவிடக் கூடாது. இது குடியரசுக்குள் நடந்த போட்டி. மாஸ்கோவும் கீவும் மோதிய அகில யூனியன் லீக்கின் உச்சியில் பெலாரஸின் பெயரைச் சொன்னது மின்ஸ்க் டினமோ. 1982-ல் அகில யூனியன் பட்டமே வென்றது. போரிசோவ் அந்தப் படிக்கட்டில் ஏறவில்லை.

அந்த நாட்டில் கோஷ்டிகளின் பெயரைக் கேட்டாலே அவற்றின் தொழில் தெரிந்துவிடும். சொலிகோர்ஸ்க்கின் "ஷக்த்யோர்" என்றால் சுரங்கத் தொழிலாளி. அங்கே மண்ணுக்கடியிலிருந்து பொட்டாஷ் உப்பை வெட்டுகிறார்கள், நமது வயலுக்குப் போடும் உரம் அது. போப்ருய்ஸ்கின் "பெல்ஷினா" டயர் ஆலையின் கோஷ்டி. நோவோபோலோட்ஸ்கின் "நாப்தான்" எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையினுடையது. போரிசோவுக்குப் பக்கத்திலிருக்கும் ஜோதினோவில் ராட்சத லாரி கட்டும் ஆலையின் கோஷ்டி இருக்கிறது. முதலாளியின் பெயரையோ ஜாதியின் பெயரையோ அல்ல, வேலையின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். இது நமக்குப் பிடித்த விஷயம் என்று சொல்ல வெட்கப்படவில்லை.

அதோடு உண்மையையும் சொல்லிவிடுவோம். சம்பளத்துக்கு விளையாடும் ஆட்டக்காரன் என்று ஒருவன் இருப்பதையே சோவியத் அதிகாரிகள் ஒப்புக்கொள்ளாத காலம் அது. பெரிய கோஷ்டிகளில் எத்தனையோ பேர் ஆலைச் சம்பளப் பட்டியலில் பிட்டராகவும் டர்னராகவும் இருந்தார்கள், லேத்தைத் தொட்டதில்லை. காகிதத்தில் ஒன்று, மைதானத்தில் ஒன்று. இன்னொன்றும் உண்டு. மூன்று முறை வென்ற பாட்டே கோஷ்டி 1984-ல் கலைக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் அந்தப் பெயர் ஆலை வாசலில் இருந்ததே தவிர மைதானத்தில் இல்லை. நமது தோழர்கள் நடத்திய ஆட்சியில் நடந்தது என்பதற்காக இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. பெலாரஸ் தனி நாடாகி, 1992 முதல் தனி லீக் நடத்தியது. ஆரம்பத்தில் மின்ஸ்க் டினமோ ஒன்றே பட்டங்களை வாரிக்கொண்டது. 1996-ல் அனத்தோலி காப்ஸ்கி என்பவரின் முயற்சியால் போரிசோவில் பழைய பெயரிலேயே கோஷ்டி திரும்பப் பிறந்தது. யூரி புந்துஸ் பயிற்சியாளரானார்.

மூன்றாம் பிரிவில்தான் இடம் கிடைத்தது. 1996-ல் அதை வென்றார்கள். 1997-ல் அடுத்த பிரிவை வென்றார்கள். 1998-ல் முதல் வரிசை லீக்குக்கு வந்து இரண்டாமிடம். 1999-ல் நாட்டின் சாம்பியன்! நான்கே வருஷம், தோழர்களே. அப்போது அவர்கள் ஆடிய ஊர் மைதானத்தில் சுமார் ஐயாயிரம் பேர்தான் உட்காரலாம்.

அந்த 1999 கோஷ்டியில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், அலெக்சாண்டர் ஹ்லெப். 2000-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அவரை வாங்கியது. 2005-ல் லண்டன் ஆர்சனல், 2008-ல் பார்சிலோனா என்று போனார். பையன்களைச் சேர்ப்பது, வளர்ப்பது, விற்ற பணத்தில் அடுத்த பையன்களை வளர்ப்பது, இதுவே பாட்டேயின் வழி. விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாற்றை விற்றார்கள் என்று சொல்லலாம். மனிதனை விலை பேசி விற்கும் சந்தை நமக்குப் பிடித்ததல்ல. ஆனால் அந்தச் சந்தைக்குள் பிழைக்க வேண்டிய சின்ன ஊர் வேறென்ன செய்யும்?

2008-ம் வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பயிற்சியாளர் விக்டர் கொஞ்சரென்கோவுக்கு அப்போது வயது 31. செர்னோபில் அணு உலை விபத்தால் 1986-ல் நாசமடைந்த ஹோய்னிகி வட்டாரத்தில் பிறந்தவர். பாட்டேயிலேயே தற்காப்பு ஆட்டக்காரராக இருந்து, முழங்கால் அடிபட்டு இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். கோஷ்டி அவரை வெளியே தள்ளவில்லை. பயிற்சி வேலையில் வைத்துக்கொண்டது. கை நசுங்கியவனுக்குக் கணக்கை முடித்து அனுப்பும் நிர்வாகங்களைப் பார்த்த நமக்கு இது மனதில் படுகிறது.

அவர் தலைமையில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டையும் பல்கேரியாவின் லெவ்ஸ்கியையும் தாண்டி, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் பிரிவு ஆட்டத்துக்குப் போனார்கள். பெலாரஸிலிருந்து அங்கே போன முதல் கோஷ்டி இதுதான். எதிரே ரியல் மாட்ரிட், யுவெண்டஸ், ஜெனித். செப்டம்பர் 30-ந் தேதி மின்ஸ்கில் யுவெண்டஸுடன் பந்தயம். 23 நிமிஷத்துக்குள் கிரிவெட்ஸும் ஸ்தாசெவிச்சும் ஆளுக்கொரு கோல் போட்டு 2–0 என்று முன்னணியில் நின்றார்கள். இத்தாலியர்கள் இடைவேளைக்குள் இரண்டையும் திருப்பினார்கள். பந்தயம் 2–2. ஆறு ஆட்டத்தில் மூன்று டிரா, மூன்று தோல்வி. வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் துடைத்து எறிய முடியாதவர்கள் என்பது தெரிந்தது.

வெற்றி 2012-ல் வந்தது. பிரான்சில் லீல் கோஷ்டியை 3–1 என்று வென்றார்கள். அக்டோபர் 2-ந் தேதி மின்ஸ்கில் பேயர்ன் மியூனிக்கையும் 3–1 என்று சாய்த்தார்கள். பாவ்லோவ், ரொதியோனோவ், பிரெஸ்ஸான் கோல் போட்டார்கள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்த ஹ்லெப்பும் ஆடினார். அதே பேயர்ன்தான் அந்த சீசனின் முடிவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனது.

வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை விழுங்கிவிடக் கூடாது. 2014-ல், சுமார் 13 ஆயிரம் இருக்கையுடன் போரிசோவில் புதிய மைதானம் திறந்த வருஷத்திலேயே, உக்ரைனின் ஷக்தார் அவர்களை அதே மைதானத்தில் 7–0 என்று நொறுக்கியது. ஆறு ஆட்டத்தில் வாங்கியது 24 கோல். அடுத்த வருஷம் ரோமா கோஷ்டியை அங்கேயே 3–2 என்று வென்று தலை நிமிர்ந்தார்கள்.

உள்நாட்டில் என்ன நடந்தது? 2006 முதல் 2018 வரை விடாமல் பதின்மூன்று லீக் பட்டங்கள். முதல் சில வருஷங்களை உழைப்பின் பலன் என்போம். பிறகு பணம் வேலை செய்தது. சாம்பியன்ஸ் லீக்கின் பிரிவு ஆட்டத்தில் சேர்ந்தாலே, வென்றாலும் தோற்றாலும், லட்சக்கணக்கான யூரோ கிடைத்தது. சுரங்கக் கோஷ்டிக்கும் டயர் கோஷ்டிக்கும் அந்தப் பணம் ஏது? ஜெயித்தவனுக்குப் பணம், பணமுள்ளவனுக்கு ஜெயம். பெரிய கோஷ்டிகளை எதிர்த்து எழுந்த சின்ன ஊர்க் கோஷ்டி, தன் நாட்டு லீக்கில் தானே பெரிய பண்ணை ஆகிவிட்டது. பாட்டேயை நேசிக்கிறவர்கள் இதைக் கேட்க விரும்பமாட்டார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2018 செப்டம்பரில் காப்ஸ்கி காலமானார். 2019 பிப்ரவரி 14-ந் தேதி போரிசோவில் ஆர்சனலை 1–0 என்று வென்றார்கள். ஒரு வாரம் கழித்து லண்டனில் 3–0 என்று தோற்று வெளியேறினார்கள். அந்த வருஷம் லீக் பட்டம் பிரெஸ்ட் டினமோவுக்குப் போனது. 2020-ல் சொலிகோர்ஸ்க் சுரங்கக் கோஷ்டி மயிரிழையில் பட்டத்தைப் பறித்தது. கொரோனா தொற்றால் உலகமெங்கும் மைதானங்கள் மூடியிருந்த அந்த வசந்தத்தில் ஐரோப்பாவில் பெலாரஸ் மட்டும் ஜனங்களைக் கூட்டி ஆட்டம் நடத்தியதை நாம் பாராட்டவில்லை. பார்க்க வருகிறவனின் மூச்சைவிடப் பந்து பெரிதல்ல. 2024 வரை லீக் பட்டம் போரிசோவுக்குத் திரும்பவில்லை. 2020-லும் 2021-லும் நாட்டின் கோப்பையை மட்டும் வென்றார்கள்.

இனி தோழர்கள் கேள்வி கேட்கலாம். பின்வரிசைத் தோழர்கள் முன்னால் வந்து உட்காருங்கள்.